ஏற்ற எண் பதினெட்டு

கோகிலவாணிக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. திருப்பூரில் அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் செக்கிங் முழுவதையும் கேமராக் கண்கள் எடுத்துக்கொண்டு பத்து வருஷமாகிறது. எது நல்ல உருப்படி, எது ஓட்டை உருப்படி என்று நொடிக்கு நாலு வீதம் அவை பிரித்துத் தள்ளிவிடும். ஆனால் இயந்திரமே முடிவு சொல்லத் தெரியாமல் முழிக்கிற உருப்படிகள் சில உண்டு. அவை ஒரு சறுக்குப் பலகை வழியாக வந்து, ஆறு பெண்கள் உட்கார்ந்திருக்கும் மேஜையில் விழும். அந்த மேஜைக்குப் பெயர் டவுட் டேபிள். கோகிலா அதற்குத் தலைவி.

மீடியம் என்று லேபிள் தைத்திருந்தால் டேப்பை வைத்து அளந்து பார்ப்பாள். நூறு சதம் பருத்தி என்று போட்டிருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் அச்சடித்திருந்தாலும் மண்டபத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கோகிலாக்கா புடவை கட்டும் என்று மேஜையில் ஒரு கேலி உண்டு. அது கேலியும் இல்லை, உண்மைதான்.

அப்படிப்பட்டவள் தன் நாற்பத்தாறு வருஷ ஆயுளில் மூன்று மாதம் ஒரு லேபிளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். அதன் பலன் ஏப்ரல் மாதத்து ஒரு காலையில் டாக்டர் ஷெரினின் மேஜை மேல் கிடந்தது.

"ஆறு புள்ளி மூணு," என்றார் டாக்டர். "ஜனவரியில ஆறு புள்ளி ஒண்ணு. குறைஞ்சிருக்கணும். ஏறியிருக்கு."

மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கை ஒரே எண்ணில் சொல்லிவிடும் பரிசோதனை அது. ஆறரையைத் தொட்டால் சர்க்கரை நோய் என்று முத்திரை குத்திவிடுவார்கள். கோகிலா இன்னும் அந்த வாசலைத் தாண்டவில்லை, வாசற்படியில் நிற்கிறாள். வேறு யாராவதாக இருந்தால் நாலு நாள் கவலைப்பட்டுவிட்டு ஐந்தாம் நாள் மறந்திருப்பார்கள். அவளால் முடியாது. அவள் தம்பி தரணிதரனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சொந்தத்தில் எல்லாரையும் சோதித்ததில் அக்காவின் கிட்னிதான் பொருந்தியது. ஆனால் ஆஸ்பத்திரியின் கிட்னி மாற்றுக் குழுவின் விதி கறாரானது. கொடுப்பவரின் எண் ஆறுக்குக் கீழே இருந்தே ஆகவேண்டும்.

"இன்னொரு மூணு மாசம் தர்றாங்க. ஜூலையில கடைசி டெஸ்ட். அப்பவும் ஆறுக்குக் கீழ வரலைன்னா உங்க பேரை எடுத்துருவாங்க."

"தம்பிக்குங்க?"

"வரிசையில நிக்கணும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வரைக்கும் அவர் உடம்பு தாங்கும்னு நான் சொன்னா, அது பொய்."

"நீங்க சொன்னதத் தவிர ஒண்ணும் சாப்பிடலீங்க டாக்டர்."

"உண்மையைச் சொல்லுங்கம்மா. கல்யாணம், காதுகுத்து, பக்கத்து வீட்டுப் பலகாரம்…"

"நாக்குல இனிப்புப் பட்டு தொண்ணூறு நாளாச்சுங்க."

டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை கோகிலாவுக்கு நன்றாகத் தெரியும். சறுக்குப் பலகையில் வந்து விழும் உருப்படியை அவள் அப்படித்தான் பார்ப்பாள். சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது ஜனவரியில் இதே டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பாக்கெட்டில் போட்டிருப்பதை எப்படி நம்புவது என்று அன்றைக்கு அவள்தான் கேட்டாள்.

"முன்னாடி சர்க்கரை இத்தனை கிராம், மாவுச்சத்து இத்தனை கிராம்னு பொடி எழுத்துல போடுவாங்கம்மா. சர்க்கரையையே நாப்பது பேர்ல ஒளிச்சு வைப்பாங்க. படிச்சவங்களுக்கே தலை சுத்தும். ஏழு வருஷம் முன்னாடி சட்டத்தை மாத்தி ஒரே எண்ணாக்கிட்டாங்க. ஏற்ற எண். ஒவ்வொரு ஊர்லயும் கூடம் இருக்கு. அங்க பன்னெண்டு பேர் வெறும் வயித்துல அந்தப் பண்டத்தைச் சாப்பிடுவாங்க. கையில ஒட்டின சில்லு ரெண்டு மணி நேரம் அவங்க ரத்தத்தைப் பாக்கும். சர்க்கரை எவ்வளவு ஏறுதோ, பன்னெண்டு பேருக்கும் சேர்த்து சராசரி. அதுதான் பாக்கெட்ல வரும். காகிதத்துல பொய் எழுதலாம். ரத்தத்துல எழுத முடியுமா?"

இந்தக் கடைசி வார்த்தைதான் கோகிலாவைச் சாய்த்தது. நூலைக் கொளுத்திப் பார்க்கிறவளுக்கு, ரத்தத்தைப் பார்த்து எழுதிய எண் என்றால் அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து நூறைத் தாண்டக் கூடாது. சாப்பிடும் ஒவ்வொன்றையும் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும், குழு அதைப் பார்க்கும். வீட்டில் ஆட்டிய மாவுக்கு எண் கிடையாது என்பதால் வீட்டுச் சமையலையே நிறுத்தினாள். மூன்று வேளையும் வரகு சாம்பார் சாதம், சூடு பண்ணிச் சாப்பிடும் பாக்கெட். மூலையில் பச்சைப் புள்ளி. ஏற்ற எண் பதினெட்டு.

அதைப் பார்த்து டவுட் டேபிளே பாக்கெட்டுக்கு மாறியது. வீட்டுக்கு ஒரு சர்க்கரைக்காரராவது இருக்கும் ஊர். "கோகிலாக்காவே நம்பிச் சாப்பிடுதுன்னா, அதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் சுஜிதா. மேஜையிலேயே சின்னவள் அவள், கண் கூர்மையானவள். அதே மேஜையில் நூல் பிசிறு வெட்டும் சாரதாமணிக்கு வயது ஐம்பத்தேழு, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. அந்த அம்மாவும் சோற்றுத் தூக்குப்போசியை வீட்டில் வைத்துவிட்டுப் பாக்கெட்டோடு வர ஆரம்பித்தாள். கோகிலாவுக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரணியும் அவன் மனைவி அபிநயாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அபிநயா ஏதோ ஆபீஸில் டேட்டா என்ட்ரி வேலை பார்ப்பதாகச் சொல்வாள். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவள், அடுக்கியிருந்த பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்து, "அண்ணி, அவருக்காக ஒரு வேண்டுதல் வெச்சுக்கறீங்களா?" என்றாள். "தினமும் சாப்பிட்டு அரை மணி கழிச்சு பிள்ளையாரை நினைச்சு அம்பத்து நாலு தோப்புக்கரணம் போடுங்க. மூணு நேரமும்."

"என்ற முட்டியை வெச்சுப் பிள்ளையாரு என்னத்தப் பண்ணப்போறாரு?" என்று கோகிலா சிரித்தாள். பிறகு அவள் புத்தி வேலை செய்தது. சாப்பிட்ட வயிற்றோடு யார் சாமிக்கு வேண்டுதல் செய்வார்கள்? எந்த ஜோசியக்காரனிடம் இந்தப் பெண் மாட்டிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகப்பட்டாள். அபிநயா இரண்டு முறை வற்புறுத்திவிட்டு விட்டுவிட்டாள்.

ஆக, கோகிலா அந்த வருஷம் ஒன்றை நம்பினாள், ஒன்றைச் சந்தேகப்பட்டாள். இரண்டும் தப்பாகப் போனது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே மருந்துக்கடையில் விரலைக் குத்திப் பார்க்கும் பழைய மாடல் கருவி ஒன்றை வாங்கினாள். இப்போதெல்லாம் யாரும் அதை வாங்குவதில்லை, கடைக்காரர் அட்டத்தில் ஏறித் தேடித்தான் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் குத்தினாள். நூற்று ஆறு. பாக்கெட்டைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குத்தினாள். நூற்று எழுபத்தொன்று. அறுபத்தைந்து ஏறியிருந்தது. பதினெட்டு எங்கே, அறுபத்தைந்து எங்கே? கருவி சரியில்லையோ என்று இன்னொன்று வாங்கினாள். அதிலும் அறுபத்திரண்டு ஏறியது. மூன்று நாள், மூன்று கடையில் வாங்கிய பாக்கெட். எல்லாம் அறுபதுக்கு மேலேதான்.

புகார் எண்ணுக்குக் கூப்பிட்டாள். தேன் தடவிய ஒரு இயந்திரக் குரல் பேசியது. "தங்கள் உடல், மாதிரி உடல்களிலிருந்து மாறுபடலாம். ஏற்ற எண் சட்டப்படி அளக்கப்பட்டது."

"அந்த மாதிரி உடம்பு யாருதுங்க?"

"அந்த விவரம் ரகசியமானது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

போனை வைத்தவளுக்கு 'மாதிரி' என்ற சொல் மட்டும் மண்டையில் நின்றது. மாதிரி என்றால் சாம்பிள். சாம்பிள் விவகாரம் அவளுக்குத் தெரியாததா? வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்புகிற சாம்பிளைத் தைக்கக் கம்பெனியில் தனி டெய்லர் உண்டு. இருக்கிறதிலேயே நல்ல கை. ஒரு உருப்படிக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்வார். அதைப் பார்த்து அவன் ஆர்டர் கொடுப்பான். பிறகு ஐம்பதாயிரம் உருப்படியை வேறு கைகள் அவசரத்தில் தைத்துத் தள்ளும். சாம்பிளில் பொய் இல்லை. ஆனால் சாம்பிளைப் பார்த்து வாங்கியவன் கையில் கிடைப்பது வேறு. துணியைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, சாம்பிள் தைத்தவன் யார் என்று பார்க்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

பாக்கெட்டின் பின்னால் கூடத்தின் எண் பொடியாக இருந்தது. விசாரித்தால், ஊருக்கு வெளியே அல்ல, மங்கலம் ரோட்டில்தான் இருந்தது. பழைய சாயப்பட்டறைக் குடோன் ஒன்றைச் சுத்தம் செய்து கண்ணாடி போட்டிருந்தார்கள். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு எதிர்ப் பேக்கரியில் காலை ஏழரைக்கே போய் உட்கார்ந்தாள்.

எட்டு மணிக்கு ஆட்கள் உள்ளே போனார்கள். தலையில் முக்காடும் முகத்தில் மாஸ்க்குமாக இருந்ததால் முகம் தெரியவில்லை. அரை மணி கழித்து ஒன்பது பெண்களும் மூன்று ஆண்களுமாக வரிசையாக வெளியே வந்தார்கள். காம்பவுண்டு மூலையில் ஒரு அரசமரம், அதன் அடியில் பிள்ளையார். குடோனைச் சுத்தம் செய்தவர்களும் அவரை நகர்த்தத் துணியவில்லை போலிருக்கிறது. பன்னிரண்டு பேரும் இரண்டு வரிசையாக நின்று, காதைப் பிடித்துக்கொண்டு, தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார்கள்.

மூன்று போட்டார்கள். ஐந்து போட்டார்கள். பத்தைத் தாண்டியும் நிறுத்தவில்லை.

"என்னங்க இது?" என்றாள் கோகிலா, பேக்கரிக்காரரிடம்.

"அங்க வேலை பாக்கறவங்க பயங்கர பக்திங்க. செவ்வாய் வெள்ளின்னெல்லாம் இல்ல, தினமும்தான். நான் ஒருக்கா எண்ணிப் பாத்தேன், அம்பத்து நாலுங்க."

"உள்ள ரெண்டு மணி நேரம் அசையாம உக்காரணும்னு சொல்றாங்களே?"

"ஆமாங்க, நடக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, எல்லாம் சட்டந்தான். சாமி கும்பிடறதுக்கு மட்டும் விட்டுருவாங்களாம். அத எப்படீங்க வேண்டாம்பாங்க?"

கோகிலா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். பக்தியில் இருப்பவர்களுக்குக் கண் மூடியிருக்கும். இவர்கள் கண் குடோனின் வெளிச்சுவர்க் கடிகாரத்தின் மேல் இருந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்ட முணுமுணுப்பு மந்திரம் இல்லை, எண்ணிக்கை. முப்பதுக்கு மேல் மூச்சு வாங்கியது. ஒருத்தர் மாஸ்க்கைக் கழற்ற, எல்லாரும் கழற்றினார்கள். முன் வரிசையில் நின்று எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தவள் அபிநயா.

சாப்பிட்டு அரை மணி கழித்து, ஐம்பத்து நாலு. பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அப்படியே கோகிலாவின் காதில் கேட்டது. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

பத்தரை மணிக்கு வெளியே வந்த அபிநயா, பேக்கரி வாசலில் உட்கார்ந்திருந்த நாத்தனாரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஓடவில்லை. மெதுவாக ரோட்டைத் தாண்டி வந்து எதிரே உட்கார்ந்தாள். சர்க்கரை இல்லாமல் ஒரு டீ சொன்னாள்.

"டேட்டா என்ட்ரி," என்றாள் கோகிலா.

"சோறு திங்கறதுக்குச் சம்பளம்னு எப்படீங்க அண்ணி வீட்டுல சொல்றது?" அபிநயா தலையைக் குனிந்துகொண்டாள். "நாலு வருஷமா இதான் வேலை. காலையில வெறும் வயித்துல போவோம். குடுத்ததைத் திம்போம். ஆரம்பத்துல என்ற உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. எதைத் தின்னாலும் இருபதுதான் ஏறும். தினம் தின்னு தின்னு போன வருஷத்துல இருந்து எனக்கே ஏற ஆரம்பிச்சிருச்சு. நாப்பதைத் தாண்டி மூணு தடவை வந்தா, 'அளவுக்கு லாயக்கில்லாத உடல்'னு கடுதாசி குடுத்து அனுப்பிருவாங்க. ரெண்டு தடவை வந்துருச்சு. மூணாவது நாள் பயத்துல பிள்ளையாரு முன்னாடி போயி அழுதுகிட்டே தோப்புக்கரணம் போட்டேன். எத்தனைன்னுகூடத் தெரியல. அன்னிக்கு ரத்தத்துல பதினாறுதான் ஏறுச்சு."

"பிள்ளையாரு காப்பாத்திட்டாரு."

"அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. காலு வேலை செஞ்சா ரத்தத்துல இருக்கற சர்க்கரையக் காலே தின்னுருது. மத்தவங்களுக்கும் என்ற மாதிரிதான் ஏறிட்டிருந்துச்சு. அவங்களும் சேந்துகிட்டாங்க. யாரும் பொய் எழுதல அண்ணி. சில்லு உள்ளதைத்தான் எழுதுது. எண்ணு கீழ போனா கம்பெனிக்குச் சந்தோஷம். சந்தோஷமா இருக்கறவங்க கேள்வி கேப்பாங்களா?"

"நான் கேக்கறேன்." கோகிலாவின் குரல் உயர்ந்தது. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்ற வீட்டு அடுப்படியில நின்னு அந்தப் பாக்கெட்டப் பாத்தியே, அப்ப சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லையா புள்ள? உன்ற புருஷனுக்குத்தானே நான் கிட்னி குடுக்கறேன்?"

"சொன்னனே அண்ணி. தோப்புக்கரணம் போடுங்கன்னு சொன்னனே. நீங்க சிரிச்சீங்க." அபிநயா அழ ஆரம்பித்தாள். "அதுக்கு மேல சொன்னா நீங்க விடுவீங்களா? புகார் எழுதுவீங்க. கூடத்தை மூடுவாங்க. வேலையோட காப்பீட்டு அட்டையும் போயிரும். அவருக்கு டயாலிசிஸ் அதுலதான் ஓடுது. ஆபரேஷனும் அதுலதான். நீங்க கிட்னியக் கையில எடுத்துட்டுப் போனாலும் அட்டை இல்லாம ஆஸ்பத்திரியில சேக்க மாட்டாங்க."

கோகிலாவுக்கு அவளை அறையவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"ஆபரேஷன் முடியட்டும்," என்றாள் கடைசியில். "முடிஞ்ச மறுநாள் நான் எழுதுவேன். உன்ற பேரோட எழுதுவேன். அது வரைக்கும் பேச மாட்டேன்."

"சரிங்க அண்ணி."

அன்று இரவுச் சாப்பாட்டிலிருந்தே கோகிலா ஆரம்பித்தாள். குழுவுக்கு ஸ்கேன் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததால் அதே பாக்கெட்டைத்தான் சாப்பிட்டாள். அரை மணி கழித்துக் காதைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்து நாலு. முதல் வாரம் படி இறங்க முடியவில்லை. ஆனால் விரலைக் குத்திப் பார்த்தால் ஏற்றம் இருபத்தி நாலு, இருபத்தொன்று, பத்தொன்பது என்று இறங்கியது. லேபிள் சொன்னது உண்மையாகிக்கொண்டே வந்தது. லேபிள் மாறவில்லை, அவள்தான் அதற்கேற்ற ஆளாக மாறிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தோப்புக்கரணம் போடுவதைப் பார்த்து மேஜை வாயைப் பிளந்தது. "சாமியையே ஆதார் கார்டு கேக்கற அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்றாள் சுஜிதா.

"தம்பிக்காக வேண்டுதல்," என்றாள் கோகிலா. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உண்மையைச் சொல்ல முடியாது. ஆனால் இவர்களைக் காப்பாற்றலாமே? "நீங்களும் சேந்து போட்டா பலன் சீக்கிரம் கிடைக்குமாம்."

அபிநயா தனக்குச் செய்ததையே தானும் செய்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாள். ஒரு வித்தியாசம், இவர்கள் சிரிக்கவில்லை. கோகிலாக்காவே நம்புகிற வேண்டுதல் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று எல்லாரும் எழுந்தார்கள். மறுநாளிலிருந்து மதியம் ஒன்றரைக்கு டவுட் டேபிள் மொத்தமும் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. சூப்பர்வைசர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, சாமி விஷயம் என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

சாரதாமணி மட்டும் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பாள். "எனக்கு முட்டி மடங்காது கண்ணு. உன்ற தம்பிக்கு உக்காந்தே கும்பிட்டுக்கறேன்," என்பாள். பாக்கெட்டை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கைகூப்புவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கோகிலாவுக்கு நாற்பதாவது தோப்புக்கரணத்தில் எண்ணிக்கை தப்பும்.

வேறு ஏதாவது சாப்பிடச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. "தினம் ஒரே பாக்கெட்டா? வீட்டுல இருந்து கீரையும் முட்டையும் கொண்டாங்கக்கா," என்றாள் ஒருநாள். "வீட்டுச் சோத்துல எண்ணு இல்லையே கண்ணு," என்றாள் சாரதாமணி. கோகிலா அதோடு விட்டாள். மேலே பேசினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்ற கேள்விக்குப் பின்னால் அபிநயா நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் தரணி.

ஜூலையில் கடைசிப் பரிசோதனை. ஐந்து புள்ளி எட்டு. டாக்டர் ஷெரின் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். "பாத்தீங்களா? ஒழுங்கா லேபிள் பாத்துச் சாப்பிட்டா வருது!" கோகிலா வெறுமனே தலையை ஆட்டினாள். ஆகஸ்ட் ஆறாம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். தரணி போனில் அக்கா என்று மட்டும் சொன்னான்.

ஆபரேஷனுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, சறுக்குப் பலகைக்கு ஒரு வினோதமான உருப்படி வந்தது. பிசிறு வெட்டும்போது கத்தரி துணியையே கடித்திருந்தது. பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் இன்னும் இரண்டு. எல்லாம் சாரதாமணி பிசிறு வெட்டி, மறுபடி கேமராவுக்குப் போய் வந்தவை. முப்பது வருஷமாக ஒரு துணியைக்கூடக் கடிக்க விடாத கை.

"கண்ணு மசமசங்குது கண்ணு," என்றாள் சாரதாமணி. "வயசாச்சில்ல?"

கோகிலா குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். சாரதாமணியின் வலது கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"இது என்னக்கா?"

"செருப்புக் கடிச்சுது. ஒரு மாசமா ஆறவே மாட்டேங்குது. அதக் கூட டாக்டருகிட்டக் காட்டணுமா?"

மதியச் சாப்பாடு முடிந்தது. எல்லாரும் தோப்புக்கரணம் போட்டார்கள். கோகிலாவும் போட்டாள். பிறகு கைப்பையிலிருந்து கருவியை எடுத்து, சாரதாமணியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரலைப் பிடித்துக் குத்தினாள்.

இருநூற்று எழுபத்திரண்டு.

"மெசினு பொய் சொல்லுது," என்றாள் சாரதாமணி நிதானமாக. "பாக்கெட்டப் பாரு, பதினெட்டுன்னு போட்டிருக்குது."

கோகிலா தன் விரலைக் குத்தினாள். நூற்றுப் பதினெட்டு. சுஜிதா தானாகவே விரலை நீட்டினாள். நூற்று நாலு. சறுக்குப் பலகையில் உருப்படிகள் வந்து விழுந்து சேர்ந்துகொண்டிருந்தன.

சுஜிதாதான் கண்டுபிடித்தாள். கண்டுபிடிக்கத்தானே அவளுக்கும் சம்பளம். மூன்று எண்களையும் பார்த்தாள், பாக்கெட்டைப் பார்த்தாள், சாரதாமணியின் முட்டியைப் பார்த்தாள்.

"அது வேண்டுதல் இல்லீங்களாக்கா?"

"இல்ல."

"எப்ப இருந்துங்கக்கா உங்களுக்குத் தெரியும்?"

இன்றைக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சந்தேகமும் வராது. ஆனால் ஐந்து பேரும் அவளைப் பார்த்த பார்வையில், வாழ்க்கையில் முதல் தடவையாக, கோகிலாவுக்கு அந்த மேஜையில் விழுந்து கிடக்கிற உருப்படி தான்தான் என்று தோன்றியது.

"சித்திரையில இருந்து," என்றாள். "மூணு மாசமா." பிறகு கூடம், பிள்ளையார், பன்னிரண்டு பேர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தம்பி பெண்டாட்டியின் பெயரையும் மறைக்கவில்லை, ஆபரேஷன் அந்த அட்டையில்தான் நடக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

சாரதாமணி தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று கோகிலா காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது கண்ணு," என்றாள் அவள். "நான் பாக்கெட்டப் பாத்து வாங்கல. உன்னப் பாத்துத்தான் வாங்கினேன்."

கோகிலா போனை எடுத்து அபிநயாவைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அபி, சொல்லிட்டேன். புகாரும் இன்னிக்கே எழுதப்போறேன்."

அபிநயாவின் குரல் நடுக்கத்தோடு வந்தது. "பத்தொம்பது நாளு அண்ணி. வெறும் பத்தொம்பது நாளு. மூணு மாசம் பொறுத்தீங்கல்ல? இன்னும் பத்தொம்பது நாளு பொறுக்க முடியாதுங்களா?"

சுஜிதா தலையைக் குனிந்துகொண்டாள். கோகிலா பக்கத்தில் இருந்த காலைப் பார்த்தாள். துணிக்கு மேலே லேசாக ஈரம் கசிந்திருந்தது.

"அதை என்கிட்டக் கேக்காத அபி," என்றாள். "என்னுதா இருந்தாக் குடுத்திருப்பேன். இங்க ஒரு அம்மா இருக்காங்க. அவங்களுது அந்தப் பத்தொம்பது நாளு. அவங்ககிட்டயே கேளு."

போனைச் சாரதாமணியின் கையில் வைத்தாள். சாரதாமணி அதைக் காதோடு வைத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் ஒரு பெண் மூச்சை இழுத்து இழுத்து அழுவது மேஜைக்கே கேட்டது.

"அழுகாத சாமி," என்றாள் சாரதாமணி. "என்ன வேணும் உனக்கு? என்கிட்டச் சொல்லு."